தம்பலகாமத்துக் கொட்டிலில் கிடந்த ஜோன்சன்: ஒரு பழைய 6 குதிரைவலு மோட்டரின் பழுது விவரம்

மோட்டரில் ஐந்து பழுது இருந்தது. இரண்டு, வயது செய்தது. மூன்று, நான் செய்தது. ஆறாவதாக ஒன்று இன்னும் தீரவில்லை. அது யார் கணக்கில் போகும் என்பதில் எனக்கும் அப்பாவுக்கும் வழக்கு நடக்கிறது.

பொருளைப் பற்றி முதலில். வள்ளத்தின் பின்பலகையில் பூட்டும் மோட்டர். ஜோன்சன், 6 குதிரைவலு, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். பின்பக்கத் தகட்டில் 6ஆர்72 என்று எழுத்து. முதல் இலக்கம் குதிரைவலு, கடைசி இரண்டும் ஆண்டு, அதாவது 1972. ஓர் அரச அதிகாரி இடமாற்றமாகிப் போகும்போது அப்பாவுக்கு விற்றுவிட்டுப் போனது. திருகோணமலையில், திருக்கடலூர்க் கரையில் எங்களுக்கு ஒரு மரவள்ளம் இருந்த காலம் அது. 80களில் கடலுக்குப் போவதே கேள்விக்குறியானதும் மோட்டரைத் தம்பலகாமத்தில் அத்தை வீட்டு நெல்லுக் கொட்டிலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். 2002இல் போர்நிறுத்தம் வந்த கையோடு அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தம்பலகாமக் குடாவில் இரண்டு தரம் ஓட்டினான். பிறகு உள்ளே கிடந்த பெற்றோலோடு அப்படியே சாத்திவைத்துவிட்டு வெளிநாடு போய்விட்டான். வள்ளம் 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடலோடு போனது. மோட்டர் வயல்கரையில் கிடந்ததால் தப்பியது.

நான் கந்தோரில் பேனை பிடிக்கிறவன். மோட்டர் சைக்கிள் பிளக்கைக்கூட வேறு ஆள்தான் கழற்றித் தர வேண்டும். 2023 வருடப்பிறப்பு விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போன இடத்தில், கொட்டில் மூலையில் சாக்குக்குள் சுற்றிக் கிடந்ததை அப்பா தடவிப் பார்த்தார். "இது ஒரு நாளும் என்னைக் கடலில விடேல்ல" என்றார். 78 வயது. அந்த ஒரு வசனத்துக்காக அதைத் தூக்கி முச்சக்கரவண்டியில் ஏற்றினேன்.

கயிறு இழுத்த பாவம்

வீட்டுக்கு வந்ததும் முற்றத்து வேப்பமரத்தோடு ஒரு பலகை அடித்து, அதில் மோட்டரைக் கொழுவி, கயிற்றை இழுக்கத் தொடங்கினேன். நாற்பது தரம் இழுத்திருப்பேன். நாற்பத்தோராவதில் கயிறு அறுந்து என் விரலில் அடித்தது. அன்றைய வேலை அத்தோடு சரி.

இது முதல் தவறு, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. கீழே, புரொப்பெல்லருக்குச் சற்று மேலே, தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும் பம்ப் இருக்கிறது. அதற்குள் ரப்பர் இறகுகளோடு ஒரு சில்லு, அதுதான் இம்பெல்லர். மோட்டர் நியூட்ரலில் கிடந்தாலும், ஸ்டார்ட் வராவிட்டாலும், கயிறு இழுக்கும் ஒவ்வொரு தரமும் அது சுற்றும். தண்ணீர்தான் அதற்கு எண்ணெய். இருபத்தொரு வருடம் ஒரே பக்கமாக மடிந்து காய்ந்துபோன ரப்பரைத் தண்ணீர் இல்லாமல் சுற்றினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

செய்திருக்க வேண்டியது மிகச் சாதாரணம். இரண்டு பிளக்கையும் கழற்றி, ஓட்டைக்குள் ஒவ்வொரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, ஒரு இரவு விட்டு, மறுநாள் மேலே இருக்கும் கனத்த சில்லை, அதாவது பிளைவீலை, கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்பது. பிஸ்டன் பிடித்திருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். கயிற்றைத் தொடவே தேவையில்லை.

பள்ளத்தோட்டத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் யமஹா திருத்துகிற ஒரு தம்பி இருக்கிறான். திருக்கடலூர் மாமாதான் அவனைக் கூட்டிவந்தார். வந்தவன் மோட்டரைப் பார்க்காமல் அறுந்த கயிற்றைப் பார்த்தான்.

"சேர், தண்ணிக்குள்ள வைக்காமத்தான் இழுத்தீங்களா?"

"ஓம்."

"எத்தின தரம்?"

நான் பத்து என்றேன். அப்பா கதிரையில் இருந்தபடி "நாப்பது" என்றார்.

கீழ்ப்பாகத்தைக் கழற்றினோம். உள்ளே கியர் மாற்றும் கம்பியின் இணைப்பு ஒன்று இருக்கிறது. அதை விடுவிக்காமல் இழுத்தால் கம்பி வளைந்துவிடும் என்று தம்பி கையைப் பிடித்து நிறுத்தினான். ஆணிகள் உப்புப் பிடித்து இறுகியிருந்தன. ஆணியைச் சுற்றி எண்ணெய் விட்டு, ஒரு நாள் விட்டு, சூடு காட்டி, கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்தி என்று ஒவ்வொன்றாக வந்தது. அவசரப்பட்டிருந்தால் இரண்டாவது ஆணியின் தலை முறிந்திருக்கும். இதில் மட்டும் நான் பொறுமையாக இருந்தேன். விரலில் கட்டு இருந்தது காரணமாக இருக்கலாம்.

பம்ப் மூடியைத் திறந்தபோது இம்பெல்லரில் இரண்டு இறகுகள் இல்லை. முறிந்த இடம் கறுப்பாக, புதிதாக இருந்தது. பழைய முறிவு என்றால் ஓரம் மங்கிக் கிடந்திருக்கும். இரண்டும் என் கைவேலை. ஒரு துண்டு பம்ப் கூட்டுக்குள்ளேயே கிடந்தது. மற்றதைக் காணவில்லை. புது இம்பெல்லரைப் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நான் நினைத்தேன். தம்பி விடவில்லை. செம்புக் குழாய்க்குள் மெல்லிய கம்பி விட்டுத் துழாவினான். உளுந்தளவு ரப்பர்த் துண்டு விழுந்தது. அது அங்கேயே நின்றிருந்தால் புது இம்பெல்லரும் தண்ணீரை மேலே ஏற்றியிருக்காது. மோட்டர் சூடேறி இறுகியிருக்கும்.

இன்னொன்றும் அன்றைக்குத் தெரிந்தது. இப்போதைய மோட்டர்களில் பின்னால் ஒரு துளையால் தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்கும். கரையில் எல்லாரும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். இந்தக் காலத்து ஜோன்சனில் அந்தத் துளை கிடையாது. மோட்டரின் தண்ணீருக்குள் இறங்கும் காலின் பின்பக்கம் புகை வெளியேறும் சிறு துளைகளால் புகையோடு சேர்ந்து தூவானம் மாதிரி வரும், அவ்வளவுதான். பிறகு தண்ணீர்ப் பரலுக்குள் வைத்து ஓட்டிய அன்று பார்க்க வந்தவர்களில் மூன்று பேர் "தண்ணி வருதில்ல, நிப்பாட்டு" என்று கத்தினார்கள். அப்பா மட்டும் அசையவில்லை. "இது மூத்திரம் பெய்யாத இஞ்சினடா" என்றார்.

பெற்றோல் போகும் வழி

காபரேட்டரைத் திறந்த மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது. பழைய வார்னிஷும் புளித்த பழமும் கலந்த மாதிரி. கிண்ணத்தின் அடியில் பச்சை நிறப் பிசின். பெற்றோலில் ஆவியாகக்கூடியது எல்லாம் போய், மிச்சம் உறைந்தது அது. 2002இல் அண்ணன் பெற்றோல் குழாயைக் கழற்றிவிட்டு, மோட்டர் தானாக நிற்கும் வரை ஓட விட்டிருந்தால் இதில் பெரும்பகுதி வந்திருக்காது.

தின்னரில் ஊறவிட்டு, பல்துலக்கும் தூரிகையால் தேய்த்து, சிறு துளைகளுக்குக் கிற்றார்க் கம்பி விட்டுச் சுத்தம் செய்தேன். ஊசியால் குத்தக் கூடாது. பித்தளைத் துளை பெருத்துவிடும், பிறகு பெற்றோல் கணக்குத் தப்பும். மெதுவாக ஓடும்போது பெற்றோலைக் கட்டுப்படுத்தும் திருகை, அடி தொடும் வரை மெல்ல மூடி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்றுத் திறந்து வைத்தேன். அது தொடக்கம்தான், ஓட விட்டபின் காதால் கேட்டுச் சரிசெய்ய வேண்டும்.

இதில் தவறவிட்டது ஒன்று. வேகமாக ஓடும்போது பெற்றோல் தருகிற ஜெட், கிண்ணத்தின் அடியில் ஒரு திருகுமூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. வெளியே பார்த்தால் அது வடித்துவிடுகிற மூடி மாதிரித்தான் தெரியும். நான் அதைத் தொடவில்லை. பிறகு பரலில் வைத்து ஓட்டியபோது மெதுவாக அழகாக ஓடியது, வேகம் கூட்டினால் இருமி நின்றது. காபரேட்டரை இரண்டாம் தரம் கழற்ற வைத்தது அந்த மூடி.

எண்ணெய்க் கலவையில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. "பழைய இஞ்சின், 24க்கு ஒண்டு ஊத்தோணும்" என்பது ஒரு கட்சி. அவர்கள் சொல்வது அதற்கு முந்திய மோட்டர்களுக்குப் பொருந்தும். இந்த வகை 60களின் நடுவிலேயே 50க்கு 1 ஆகிவிட்டது. ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர், 5 லீற்றருக்கு 100. மோட்டர் சைக்கிளுக்கு ஊற்றும் டூடி (2T) எண்ணெய் வேண்டாம். போத்தலில் டிசி டபிள்யூ 3 (TC-W3) என்று போட்டிருக்க வேண்டும். தண்ணீரால் குளிரும் மோட்டருக்குச் சாம்பல் படியாத எண்ணெய் அது. கிண்ணியாவில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் நானா ஒருவர், நான் கேட்கமுன்னமே அதைத்தான் எடுத்து வைத்தார்.

"மண்ணெண்ணெயில ஓடுமா?" என்று கேட்காத ஆள் இல்லை. கேட்பது நியாயம். எங்கள் கரையில் பெரும்பாலான சின்னப் படகுகள் மண்ணெண்ணெயில்தான் தொழிலுக்குப் போகின்றன. 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியபோது கரை முழுக்க வள்ளங்கள் கவிழ்த்துக் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் மண்ணெண்ணெய் மோட்டரை அதற்கென்றே கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அளவு, குறைத்துச் செய்கிறார்கள். பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்துச் சூடேறியபின் மாற்றுகிறார்கள். பெற்றோலுக்கென்று செய்த மோட்டரில் அதை ஊற்றினால் உள்ளே தட்டல் விழும், பிஸ்டன் போகும்.

கரண்ட்

நான் அதிக நாள் செலவழித்தது இங்கேதான்.

தம்பி கராஜ் ஒன்றிலிருந்து கம்பிரஷன் மீட்டர் இரவல் வாங்கி வந்தான். மேல் சிலிண்டர் 80 பிஎஸ்ஐ, கீழ் 76. ஒன்றுக்கொன்று இவ்வளவு கிட்ட இருந்தால் உள்ளுறுப்பு நலம். அந்த மீட்டரைப் பார்த்த பிறகுதான் இந்த மோட்டருக்குக் காசு செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது என்று எனக்கே நம்பிக்கை வந்தது. இதைத்தான் முதல் நாள் பார்த்திருக்க வேண்டும்.

பிளக்கை இஞ்சின் உடம்பில் முட்டவைத்து இழுத்தால் மேலுக்குப் பொறி வந்தது. கீழுக்கு மங்கலாக ஒன்று, சில வேளை வந்தது, சில வேளை வரவில்லை. வெளிக்காற்றில் வரும் பொறியை நம்பக் கூடாது என்பது அப்போது தெரியாது. உள்ளே அமுக்கப்பட்ட காற்றில் பாய்வதற்கு அதைவிடப் பல மடங்கு பலம் வேண்டும். தம்பி ஒரு பலகைத் துண்டில் இரண்டு ஆணி அடித்து, முனைகளுக்கிடையில் கால் அங்குலம் விட்டு, ஒன்றைப் பிளக் வயரிலும் மற்றதை இஞ்சின் உடம்பிலும் கொழுவினான். மேல் சிலிண்டரின் பொறி டப் டப் என்று நீலமாகப் பாய்ந்தது. கீழ் சிலிண்டர் ஒரு தரமும் பாயவில்லை. பெற்றோல் ரின்னை அடுத்த வளவுக்கு அனுப்பிவிட்டுத்தான் இதைச் செய்தோம்.

உண்மையில் கீழ்ப் பிளக் இந்தச் செய்தியை முன்னமே சொல்லியிருந்தது. காபரேட்டர் பூட்டி முதல் தரம் இழுத்த நாளில் அது கழற்றும்போதெல்லாம் பெற்றோலில் நனைந்து வந்தது. பெற்றோல் வருகிறது, எரியவில்லை என்று அதற்கு அர்த்தம். நான் அதைத் துடைத்து, ஊதிக் காயவைத்து, நல்ல பிள்ளையாகத் திரும்பப் பூட்டினேன். மூன்று நாள் இதையே செய்தேன். ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்தபடியால் மோட்டர் 'பட் பட்' என்று பிடிக்கிற மாதிரிக் காட்டி விட்டுவிடும். அந்த ஆசை காட்டலில்தான் காபரேட்டர் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

பிளைவீலைக் கழற்ற வேண்டி வந்தது. நட்டைக் கழற்றியபின் மூன்று ஆணி போட்டு நடுவில் அமுக்கும் புல்லர் வேண்டும். விளிம்பில் கொக்கி போட்டு இழுக்கும் வகை வேண்டாம், விளிம்பு வளையும். தண்டின் தலையில் சுத்தியலால் அடிக்கவே கூடாது. புல்லர் இறுகி இறுகி ஒரு கட்டத்தில் துப்பாக்கி வெடித்த மாதிரிச் சத்தம் வந்தது. அம்மா குசினியில் இருந்து ஓடி வந்துவிட்டார்.

உள்ளே இருந்த ஏற்பாடு அழகானது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக, பொறிக்கு வேண்டிய வோல்ட்டைத் தரும் ஒரு கொயில், கரண்ட்டைத் தொட்டு வெட்டும் ஒரு பொயின்ட், அதற்குத் துணையாக ஒரு கண்டென்சர். பொயின்ட் முகம் இரண்டிலும் சாம்பல் நிறப் படலம். மெல்லிய மண்தாளால் தேய்த்து, அந்தத் துகள் போக ஸ்பிரிற்றில் நனைத்த வெள்ளை மட்டைத் துண்டைக் கறுப்பு வராத வரை இடையில் விட்டு இழுத்தோம். இடைவெளி 0.020 அங்குலம், அரை மில்லிமீற்றருக்குக் கிட்ட. பூட்டிப் பார்த்தோம். மேலுக்கு இன்னும் நல்ல கரண்ட். கீழுக்கு அதே கதை.

மல்டிமீட்டரால் இரண்டு கொயிலையும் அளந்தேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஓம். கொயில் நல்லம் என்று நான் அறிவித்தேன். தம்பி வாய் திறக்கவில்லை. "கண்டென்சரைப் பக்கம் மாத்துவம் சேர்" என்றான். மாற்றினோம், பழுது கீழேயே நின்றது. "இப்ப கொயிலை மாத்துவம்." மாற்றினோம். பழுது மேலுக்கு ஏறியது.

இப்படி இடம்மாற்றிப் பார்ப்பதற்கு ஒரு சதம் செலவில்லை. ஒரே மாதிரி இரண்டு சாமான் உள்ள எந்த இயந்திரத்திலும் செய்யலாம். என் மீட்டர் ஏன் ஏமாற்றியது என்று பிறகு யோசித்தேன். அது சின்ன பற்றரியின் சில வோல்ட்டில் அளக்கிறது. பிளக்குக்குப் போவது ஆயிரக்கணக்கான வோல்ட். மேலுறை வெடித்திருந்தால் அந்த வெடிப்பால் பொறி இஞ்சின் உடம்புக்கே குறுக்கால் பாய்ந்துவிடும். மீட்டரின் சில வோல்ட் அந்த வழியே போகாது, ஆகவே மீட்டருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். கொயிலைத் திருப்பிப் பார்த்தபோது பின்பக்கத்தில், தகட்டோடு ஒட்டி, மயிரிழை மாதிரி மூன்று வெடிப்பு. ஐம்பது வருட வெயிலுக்கும் ஈரத்துக்கும் நான் யாரைக் குறை சொல்ல?

அன்றைக்கு மட்டும் பிளைவீலை நாலு தரம் கழற்றிப் பூட்டினோம். அம்மா நாலாவது வெடிக்கு ஓடி வரவில்லை.

இந்த மோட்டரைச் செய்த நிறுவனம் 2000 டிசம்பரில் வங்குரோத்தாகிவிட்டது. ஆனால் கொயில் இன்னும் புதிதாகக் கிடைக்கிறது. பாக இலக்கம் 584477. டொரன்டோவில் இருக்கும் மச்சான் ஆடி அமாவாசைக்கு வரவிருந்தான். இரண்டு கொயில், பொயின்ட், கண்டென்சர், இம்பெல்லர் என்று எழுதி அனுப்பினேன். ஒன்று போனால் மற்றதும் பின்னால் போகும், இரண்டையும் மாற்று என்பது தம்பியின் கட்டளை.

கொயில் பூட்டும்போது என் இரண்டாவது கைவேலை நடந்தது. கொயிலின் இரும்புத் தகடுகள், அவை உட்காரும் மேடையின் விளிம்போடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். வெளியே தள்ளினால் சுற்றுகிற காந்தத்தில் உரசும். உள்ளே போனால் பொறி மெலியும். நான் கண்ணால் பார்த்து இறுக்கினேன். பிளைவீலைப் போட்டுக் கையால் சுற்றினால் ஒரு இடத்தில் 'கிறீச்' என்று மெல்லிய சத்தம். புதுச் சாமான், கொஞ்சம் தேய்ந்து பழகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தம்பி வந்து கழற்றிக் காட்டினான். காந்தத்தின் முகத்தில், விரல் நகம் அகலத்துக்கு, கண்ணாடி மாதிரி மின்னும் ஒரு கீறல் வளையம். அவன் ஸ்பானர் விளிம்பை மேடையில் வைத்து, கொயில் அதில் முட்டும் வரை நகர்த்தி இறுக்கினான். அரை நிமிட வேலை.

பரலில் முதல் பிடி

பெரிய பரலில் தண்ணீர் நிரப்பி, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, பம்ப் மூழ்கும் உயரத்துக்கு மேலும் ஒரு சாண் தண்ணீர் விட்டு வைத்தோம். புதுக் கயிறு. மூன்றாவது இழுப்பில் பிடித்தது. வேப்பமரத்துக் காகம் எல்லாம் எழும்பிப் பறந்தது. அப்பா கதிரையில் இருந்து எழும்பி வந்து, திருகில் இரண்டு விரல் வைத்து, ஒரு மூச்சு நேரம் கேட்டு, இடப்பக்கமாக மயிரளவு திருப்பினார். சத்தம் வட்டமாயிற்று. அந்தத் திருப்பலை எந்தப் புத்தகத்தில் இருந்தும் நான் படித்திருக்க முடியாது.

வேகம் கூட்டியதும் இருமியது. அது மேலே சொன்ன ஜெட். அடுத்த நாள் தீர்ந்தது.

கடலில்

திருகோணமலையில் பழைய மோட்டரைச் சோதிக்கிறவன் காற்றைத் தெரிந்திருக்க வேண்டும். ஆனி, ஆடி, ஆவணியில் கடல் கரையோரம் தட்டையாகக் கிடக்கும். பார்ப்பவர்களுக்குப் பயமே வராது. ஆனால் வீசுவது கச்சான். அது தரையில் இருந்து கடலுக்குப் போகிற காற்று. மோட்டர் நின்றால் அலை கரைக்குக் கொண்டுவராது. காற்று வங்காள விரிகுடாவுக்குள் தள்ளிக்கொண்டே போகும். நங்கூரம் போடலாம் என்றால் கொட்டியாரக் குடாவின் வாயில் கடலடிப் பள்ளத்தாக்கு. எங்கள் கயிறு அங்கே நிலத்தைத் தொடாது. ஆகவே விடிய ஐந்தரைக்குத் திருக்கடலூரில் இருந்து புறப்பட்டு, கரையைக் கண்ணால் விடாமல், மாமாவின் படகு கூடவே வர, இரண்டு துடுப்பும் உயிர்காப்பு அங்கியும் போட்டுக்கொண்டு போனோம். "கச்சான் எழும்ப முன்னம் கரையில நிக்கோணும்" என்பது மாமாவின் நிபந்தனை. மோட்டர் குட்டைக் காலானது, 15 அங்குலம். பெரிய பைபர் படகுகளின் பின்பலகைக்கு எட்டாது என்பதால் இரவல் வாங்கிய சின்ன வள்ளம் ஒன்றில் பூட்டியிருந்தோம்.

கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலை வலப்பக்கம் செம்மஞ்சளாக வெளிக்கும் நேரம். பத்து நிமிடம் தேனாக ஓடியது. பிறகு வேகம் தானாகத் தளர்ந்து, முனகி, நின்றது. ஐந்து நிமிடம் விட்டு இழுத்தால் பிடித்தது. மறுபடி பத்து நிமிடத்தில் நின்றது.

சூடேறியதும் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. ஆகவே கொயில் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். மச்சான் வாங்கிவந்தது பழுதுச் சாமான் என்று மனதுக்குள் திட்டவும் செய்தேன். பக்கத்துப் படகில் இருந்து மாமா கேட்டார்: "நிக்கப் போகேக்க அந்த உருண்டையை அமத்திப் பாத்தியா?"

பெற்றோல் குழாயின் நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை ஒன்று இருக்கிறது. மூன்றாம் தரம் முனகத் தொடங்கியதும் அதை அமுக்கினேன். மோட்டர் உடனே உயிர்த்தது. விட்டால் முனகியது. அமுக்கினால் ஓடியது. கரண்ட்டில் பழுது என்றால் உருண்டையை அமுக்கி ஒரு பயனும் வராது. இந்த ஒரு அமுக்கில் பழுது பெற்றோல் பக்கம் என்று தெளிவாயிற்று. அமுக்கிக்கொண்டே கரைக்கு வந்தோம். என் கை இரண்டு நாள் வலித்தது.

ரின் மூடியின் காற்றுத் திருகு திறந்துதான் இருந்தது. தொடங்குகிறவர்கள் பாதிப்பேர் இடறுவது அதில்தான் என்று தம்பி சொன்னான். மோட்டரின் பெற்றோல் பம்ப் சவ்வும் முழுசாக இருந்தது. அடுத்து, மீன்தொட்டிக்கு விற்கிற, உள்ளே போவது தெரியும் பிளாஸ்ரிக் குழாயில் அரை முழம் வாங்கி, பெற்றோல் வழியில் இடையில் சொருகிப் பரலில் ஓடவிட்டோம். முதல் ஐந்து நிமிடம் சிவந்த பெற்றோல் அசையாமல் நின்றது. பிறகு கடுகு மாதிரி ஒரு குமிழி. அதன் பின்னால் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் பாசிமணி கோத்த மாதிரி வரிசையாக வந்துகொண்டிருந்தன.

காற்று நுழைந்த இடம் என் மூன்றாவது கைவேலை. ஜோன்சனின் பழைய இரும்பு ரின் துருவில் போய்விட்டதால் யமஹா பிளாஸ்ரிக் ரின் வாங்கியிருந்தேன். இரண்டின் குழாய் முனையும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. சரியான முனைக்கு அலையப் பஞ்சியில், முனையையே வெட்டி எறிந்துவிட்டு, ஒரு அளவு பெரிய குழாயை நேரடியாகச் செருகி, கட்டுக்கம்பியால் முறுக்கி வைத்திருந்தேன். பெற்றோல் வெளியே ஒழுகவில்லை, ஆகவே இறுக்கம் என்று நினைத்தேன். ஆனால் அந்த இடத்தில் பம்ப் உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கம் ஓட்டை இருந்தால் பெற்றோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். கிண்ணத்தில் இருக்கும் பெற்றோல் தீர்கிற வரை மோட்டர் ஓடும், பிறகு நிற்கும். கிண்ணியா நானா சரியான அளவுக் குழாயும் இரண்டு கிளிப்பும் தந்தார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எத்தனையோ விடியல்கள் போய்வந்துவிட்டோம். மொத்தச் செலவு 32,000 ரூபாய்க்குச் சற்றுக் கூட, மச்சானின் பெட்டிக்கூலி சேர்க்காமல்.

புரொப்பெல்லரைத் தண்டோடு பிணைக்கும் சின்ன உலோகப் பின்னைப் பற்றி ஒரு சொல். ஒரு நாள் கல்லில் தட்டி அது முறிந்தது. முறிவதற்காகத்தான் அது இருக்கிறது. நான் மூன்றங்குல ஆணியை வெட்டிப் போடப் போனேன். மாமா கையைத் தட்டிவிட்டார். ஆணி முறியாது, கியர் முறியும். அதே அளவுப் பின் இரண்டு, ஒரு குறடு, ஒரு கொற்றர் பின், இவை இப்போது வள்ளத்திலேயே ஒரு பால்மாப் பேணிக்குள் கிடக்கின்றன.

இனி அந்த ஆறாவது. கியர் ஓயிலை மாற்றும்போது கீழ்த்திருகைக் கழற்றினால் பால்தேநீர் நிறத்தில் வருகிறது. தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். புது ஓயிலைக் கீழ்த்துளை வழியே மேல்நோக்கி அமுக்கி, மேல்துளையால் வழியும் வரை நிரப்புகிறேன். அப்போதுதான் உள்ளே காற்று தங்காது. ஒரு மாதத்தில் மறுபடி பால்தேநீர். புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்தபோது தண்டைச் சுற்றி, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் சீலோடு ஒட்டி, தங்கூசி, அதாவது மீன்பிடிக்கும் நைலோன் நூல், இறுகிச் சுற்றிக் கிடந்தது. அதுதான் சீலின் உதட்டை அறுத்திருக்கிறது. புதுச் சீல் மச்சானின் அடுத்த பயணத்துக்குக் காத்திருக்கிறது.

தங்கூசி எப்போது சுற்றியது? 2002இல் அண்ணன் ஓட்டியபோது என்பது என் கட்சி. பரலில் ஓட்டுவதற்கு நீயே புரொப்பெல்லரைக் கழற்றிப் பூட்டினாயே, அப்போது இல்லாதது எங்கிருந்து வந்தது என்று அப்பா கேட்கிறார். போதாதற்குத் தங்கூசி நிறம் மங்காமல் பளிச்சென்று இருக்கிறதாம். அந்தத் துண்டை ஒரு சின்னப் போத்தலில் போட்டு மூடி, சுவாமித் தட்டில் விபூதிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், அண்ணன் வரும்போது காட்ட.